மீசை வைத்த அம்மா



மலருக்காக யாராவது ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவிலிருக்கும் அண்ணன் கேட்டார். நான் இஞ்சினியர் என்பதால் விசுவேசுவரய்யாவை எழுதுவேன் என்று நினைத்திருப்பார். நான் எழுத உட்கார்ந்ததோ ஒரு வக்கீலைப் பற்றி. கோர்ட்டை விட்டுவிட்டு வந்து, நாலு வயசுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கதை சொன்னவர் அவர். நல்ல அடர்ந்த மீசை. அந்த மீசையையும் பிள்ளைகள்மேல் அவர் வைத்திருந்த பாசத்தையும் சேர்த்து, குஜராத்தில் அவரை மீசை வைத்த அம்மா என்றே செல்லமாக அழைத்தார்கள். பெயர் கிஜுபாய் பதேகா.

அவர் எழுதிய ‘பகல் கனவு’ தமிழிலும் வந்திருக்கிறது. அதை எனக்குப் படிக்கக் கொடுத்தவர் எங்கள் பக்கத்து ஆரம்பப் பள்ளி டீச்சர் ஒருவர். கொடுத்த காரணம் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் எறையூர்க்காரன். சர்க்கரை ஆலைச் சங்கின் சத்தம் கேட்டு வளர்ந்தவன். அரவைப் பருவம் வந்துவிட்டால் ரோடெல்லாம் கரும்பு வண்டி. கூலிக்குக் கரும்பு வெட்டப் போகும் குடும்பங்கள் பிள்ளைகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடும். வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். சின்ன வெங்காயம் அறுவடை, பருத்தி எடுப்பு என்றாலும் அதே கதைதான். திரும்பி வரும் பிள்ளைக்கு நடந்த பாடம் எதுவும் தெரியாது. எதுவும் தெரியாத பிள்ளை மெதுவாகப் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடும். என்னோடு மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களில் பலர் அப்படி நின்றவர்கள்தான்.

வேலை கிடைத்து கையில் நாலு காசு சேர்ந்ததும், நண்பர்கள் சேர்ந்து எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் பெரிய டி.வி. ஒன்று வாங்கிக் கொடுத்தோம். மாலை, போட்டோ, கைத்தட்டல் எல்லாம் ஆயிற்று. எட்டு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். டி.வி.மேல் தூசி படாமல் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். கரண்ட் ஒழுங்காக வருவதில்லை, பாடத்துக்குத் தகுந்த மாதிரி எதை எப்படிப் போடுவது என்று சொல்லித் தரவும் யாருமில்லை. குற்றம் பள்ளியினுடையது அல்ல, எங்களுடையது. ஒரு ஃபாக்டரியில் மெஷினை இறக்கி வைத்துவிட்டு ஆபரேட்டருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திருந்தால் என் மேனேஜர் என்னை என்ன செய்திருப்பார்! பள்ளிக்கூடத்தில் அதைத்தான் செய்துவிட்டு வந்திருந்தேன்.

அந்த டீச்சர் கோபப்படவில்லை. தம்பி என்றுதான் கூப்பிட்டுப் பேசினார். சார்ட் பேப்பர், கலர் எல்லாம் தன் சம்பளத்தில் வாங்குவதாகச் சொன்னார். பாட்டும் நாடகமும் வைத்துப் பாடம் நடத்தச் சொல்கிறார்கள், ஆனால் தனக்குப் பாடவே வராது என்று சிரித்தார். வாசலுக்கு வந்து அந்தச் சின்னப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அன்று ராத்திரியே படித்து முடித்தேன். அதன் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

வக்கீல் வாத்தியார் ஆன கதை

கிரிஜாசங்கர் பகவான்ஜி பதேகா 1885 நவம்பர் 15 அன்று சௌராஷ்டிரத்தில் சித்தல் என்னும் ஊரில் பிறந்தார். 1907-ல், இருபத்தோரு வயதில், பிழைப்புத் தேடிக் கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்கா போனார். அந்தக் காலத்தில் குஜராத்திலிருந்து எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள். இரண்டு வருஷத்தில் திரும்பி வந்து, பம்பாயில் சட்டம் படித்து வக்கீல் ஆனார். தொழில் நன்றாகத்தான் நடந்தது. அப்படியே போயிருந்தால் ஒரு நல்ல வக்கீலாக வாழ்ந்து முடித்திருப்பார். நமக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

1913-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பையனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்ற கவலை வந்தது. அன்றைய பள்ளிக்கூடம் என்றால் பிரம்பு, மனப்பாடம், பயம் மூன்றும்தான். தான் பட்டதைத் தன் பிள்ளையும் படவேண்டுமா என்று யோசித்தார். பரோடா சமஸ்தானத்தில் நூலக இயக்கம் வளர்த்த மோத்திபாய் அமீனிடம் போய் யோசனை கேட்டார். அவர் இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்விமுறை பற்றிய புத்தகத்தைக் கொடுத்தார். ஒரு தகப்பன் தன் பையனுக்காகப் படிக்க ஆரம்பித்த புத்தகம் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

பாவ்நகரில் நானாபாய் பட் என்பவர் 1910-ல் தொடங்கிய தட்சிணாமூர்த்தி என்ற கல்வி நிறுவனம் இருந்தது. 1916-ல் கிஜுபாய் கோர்ட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டு அங்கே சேர்ந்தார். முதலில் உயர்நிலைப் பள்ளிப் பொறுப்பு. அங்கே வரும் பையன்கள் ஏற்கெனவே பயந்து, மனப்பாடத்துக்குப் பழகி வந்துவிடுகிறார்கள் என்பதைக் கண்டார். அடித்தளத்தில் கோளாறு இருக்கும்போது மேல்மாடியில் பூச்சு வேலை செய்து என்ன பயன்? எனவே இன்னும் கீழே போனார். 1920-ல் இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்கான பால மந்திரைத் தொடங்கினார். 1922-ல் பாவ்நகர்க் குன்றின்மேல் அதற்கென்று எழுந்த கட்டடத்தைத் திறந்து வைத்தவர் கஸ்தூர்பா காந்தி.

அங்கே அடி கிடையாது, பரிசு கிடையாது, ராங்க் கிடையாது. களிமண் உண்டு, வண்ணம் உண்டு, பாட்டு உண்டு, தோட்டம் உண்டு, மேடை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கதை உண்டு.

இந்தக் கதை விஷயத்தில் ஒரு சுவாரசியம். மாண்டிசோரி அம்மையாருக்குச் சின்னப் பிள்ளைகளிடம் மாயக் கதை சொல்வதில் அவ்வளவாக உடன்பாடு இல்லை. அவரைக் குருவாகக் கொண்ட கிஜுபாய், இந்த ஒரு விஷயத்தில் குருவுக்குக் கட்டுப்படவில்லை. நம் ஊர்ப் பிள்ளை பாட்டி மடியில் கதை கேட்டு வளர்ந்தது, அதைப் பள்ளிக்கூட வாசலில் பறித்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கட்சி. கிராமத்துக் கதைகளைத் தேடிச் சேர்த்தார், பிள்ளைகளுக்குத் தகுந்தபடி எழுதினார். கதை சொல்வது எப்படி என்று ஆசிரியர்களுக்காகவே ஒரு தனிப் புத்தகமும் எழுதினார். வெளிநாட்டு முறையை அப்படியே இறக்குமதி செய்யாமல், கருவிகளையும் கையில் கிடைக்கும் பொருளுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார். இஞ்சினியர் பாஷையில் சொன்னால், டிசைனின் கொள்கையை எடுத்துக்கொண்டு மெட்டீரியலை உள்ளூரில் பார்த்துக்கொண்டார்.

ஆசிரியர்களுக்கு ஒரு பள்ளி

எனக்கு இவரிடம் மிகவும் பிடித்தது அடுத்து வருவதுதான். தன் பள்ளி நன்றாக நடந்தால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. ஒரு குன்றின்மேல் ஒரு நல்ல பள்ளி இருப்பதால் மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன லாபம்? நல்ல ஆசிரியர் இருந்தால் மரத்தடியும் பள்ளிக்கூடம்தான். ஆகவே 1925-ல் அத்யாபன் மந்திர் என்ற பெயரில் ஆசிரியர் பயிற்சி நிலையம் தொடங்கினார். அங்கே வந்தவர்கள் சும்மா நோட்டில் எழுதிக்கொண்டு போகவில்லை. அவர்களே பாடினார்கள், நடித்தார்கள், களிமண்ணைப் பிசைந்தார்கள், கதை சொல்லிப் பழகினார்கள். ஆசிரியருக்குக் கூச்சம் போனால்தானே பிள்ளைக்குப் போகும்! அவரிடம் பயின்று போனவர்கள் அறுநூறு பேர் அளவுக்கு இருக்கும் என்பார்கள்.

பயிற்சி கொடுத்து அனுப்பியதோடு விட்டுவிடவும் இல்லை. 1925-லேயே ‘சிக்ஷண் பத்ரிகா’ என்ற பத்திரிகை ஆரம்பமாயிற்று. தன்னந்தனியாக ஏதோ ஒரு கிராமத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் வாத்தியாருக்கு மாதாமாதம் ஒரு துணை வேண்டாமா? 1926-ல் நூதன் பால சிக்ஷண் சங்கம் என்ற அமைப்பும் உருவாயிற்று. இவற்றில் அவருக்குத் தோள் கொடுத்தவர் தாராபாய் மோடக். 1923-ல் பாவ்நகருக்கு வந்து சேர்ந்த அந்த அம்மையாரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கும் பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்குமாக கிஜுபாய் எழுதிய சின்னதும் பெரியதுமான புத்தகங்கள் இருநூறுக்கு மேல். அவற்றில் முத்து, 1930-களின் தொடக்கத்தில் வந்த ‘திவாஸ்வப்னா’. அதாவது நம் ‘பகல் கனவு’.

கதை எளிமையானது. ஓர் ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் போய், நாலாம் வகுப்பு ஒன்றை ஒரு வருஷத்துக்குத் தன் பொறுப்பில் விடச் சொல்லிக் கேட்கிறார். அதிகாரி சம்மதிக்கிறார், ஆனால் வருஷக் கடைசியில் பரீட்சை உண்டு என்கிறார். எல்லாவற்றையும் யோசித்து அழகாகத் திட்டம் போட்டுக்கொண்டு முதல் நாள் போகிறார் ஆசிரியர். என்ன ஆயிற்று தெரியுமா? எல்லாம் பாழ். பிள்ளைகளை அமைதியாக உட்காரச் சொன்னால் கத்தி ரகளை செய்கிறார்கள். மனிதர் திட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டு அன்றைக்கு லீவு விட்டுவிடுகிறார்.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. வெற்றியை மட்டும் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். முதல் நாள் தோற்றதை முதல் அத்தியாயத்திலேயே வைக்க ஒரு தைரியம் வேண்டும்.

மறுநாள் அவர் ஒரு கதையை எடுக்கிறார். வகுப்பு கப்சிப். அங்கிருந்து ஆரம்பிக்கிறது எல்லாம். பாடப் புத்தகத்துக்குச் செலவாகும் பணத்தில் வகுப்புக்கு ஒரு நூலகம் அமைகிறது. விளையாட்டு வருகிறது, நாட்டுப் பாட்டு வருகிறது, இலக்கணமே ஒரு விளையாட்டாகிறது. சரித்திரம் கதையாகி, கதை நாடகமாகிறது. பக்கத்து வகுப்பு வாத்தியார்கள் கிண்டல் செய்கிறார்கள். பாடம் எப்போது முடிப்பீர் என்று கேட்கிறார்கள். பெற்றோருக்கும் சந்தேகம். அவர் சண்டை போடாமல் தன் வேலையைச் செய்துகொண்டு போகிறார். வருஷக் கடைசியில் பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள்.

கதை கற்பனைதான். ஆனால் அதில் வருகிற இடைஞ்சல் ஒவ்வொன்றும் நிஜம். இன்றைக்கும் எங்கள் ஊர் டீச்சர் அவற்றில் பாதியைப் பட்டியல் போட்டுச் சொல்வார்.

முடிவும் தொடர்ச்சியும்

இருபது வருஷம் உழைத்த தட்சிணாமூர்த்தியிலிருந்து 1936-ல் கிஜுபாய் விலகினார். வயது ஐம்பது. ஓய்வெடுத்திருக்கலாம். அவரோ ராஜ்கோட்டில் மறுபடியும் ஓர் ஆசிரியர் பயிற்சி நிலையத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1939 ஜூன் 23 அன்று பம்பாயில் காலமானார். வயது ஐம்பத்து மூன்று.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அம்மையார் நம் சென்னை அடையாறுக்கு வந்திறங்கினார். யுத்தம் காரணமாகப் பல வருஷம் இந்தியாவிலேயே தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். எந்தப் புத்தகத்தால் ஒரு வக்கீலின் வாழ்க்கை திரும்பியதோ, அதற்குக் காரணமான அம்மையார் இந்த மண்ணில் கால் வைத்தபோது, அந்த வக்கீல் போய் ஐந்து மாதமே ஆகியிருந்தது.

ஆனால் வேலை நின்றுவிடவில்லை. கிஜுபாயின் பிள்ளைகளில் பெரும்பாலோர் பட்டணத்துப் பிள்ளைகள். ஏழைக் கிராமத்துக்கு இது ஒத்து வருமா என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்குப் பதில் சொன்னவர்கள் கூட இருந்தவர்கள். நானாபாய் பட் 1938-ல் ஆம்ப்லா கிராமத்துக்கே போய்க் கிராம தட்சிணாமூர்த்தியைத் தொடங்கினார். தாராபாய் மோடக் 1945-ல் மகாராஷ்டிரக் கடலோரத்தில் போர்டி என்ற கிராமத்துக்குப் போனார். கூடச் சேர்ந்தவர் அனுதாய் வாக். பிற்பாடு 1957-ல் கோஸ்பாட் மலைக்கு, வார்லி பழங்குடி மக்களிடையே, அவர்கள் வேலை இடம் மாறியது.

அங்கே பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. சரி, பள்ளி பிள்ளைகளிடம் போகட்டும் என்று முடிவெடுத்தார்கள். குடிசை முற்றத்தில் வகுப்பு நடத்தினார்கள். அதுதான் அங்கன்வாடி, அதாவது முற்றத்துப் பள்ளி. மாடு மேய்க்கப் போன பிள்ளைகளுக்கு மேய்ச்சல் புல்வெளியிலேயே பள்ளி நடந்தது. கருவி என்று தனியாக எதுவும் வாங்கவில்லை. சிப்பி, கூழாங்கல், விதை, இலை, களிமண், அவர்கள் பாட்டு, அவர்கள் ஆட்டம். 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கு அந்த அங்கன்வாடி என்ற பெயரே வந்து அமர்ந்தது. இன்று நம் ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பலகை தொங்குகிறது. அந்தப் பெயர் எங்கிருந்து நடந்து வந்தது என்று யோசித்திருக்கிறோமா?

எறையூருக்கு வருவோம்

என் மூன்றாம் வகுப்பு டீச்சர் கிஜுபாயைப் படித்திருப்பாரோ என்னவோ. ஆனால் ஒருநாள் எங்களை வாசலில் உட்கார வைத்துக் கோலம் போட்டார். முதல் வரிசையில் ஒரு புள்ளி, அடுத்து மூன்று, அடுத்து ஐந்து, அடுத்து ஏழு. அப்புறம் இறங்குமுகமாக ஐந்து, மூன்று, ஒன்று. ஒவ்வொரு வரிசைக்கும் மொத்தம் எத்தனை என்று எண்ணச் சொன்னார். ஒன்று, நாலு, ஒன்பது, பதினாறு. பையன்களெல்லாம் கோலம் பொம்பளைப் பிள்ளைகள் வேலை என்று ஒதுங்கி நின்றோம். எண்ணிக்கை வந்ததும் முட்டிமோதிக்கொண்டு உள்ளே புகுந்தோம். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்பதைப் பல வருஷம் கழித்து நம் கல்லூரி வகுப்பறையில் சூத்திரமாகப் பார்த்தபோது, எனக்கு மூக்கில் கோலமாவு வாசனை அடித்தது. அரவைப் பருவம் முடிந்து தாமதமாக வந்த பிள்ளையும் அன்று எங்களுக்குச் சமமாக எண்ணியது. புள்ளியை எண்ண முந்தின பாடம் தேவையில்லையே!

இன்று அரசாங்கமும் இந்த வழியில்தான் வருகிறது. செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க 2007-ல் வந்தது. 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் இருக்கின்றன. ஏட்டில் வழி இருக்கிறது. ஆனால் ஆரம்பப் பள்ளியில் பாட்டுக்கு, ஓவியத்துக்கு என்று தனி ஆசிரியர் கிடையாது. இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, ரிஜிஸ்டரும் எழுதிக்கொண்டு, பாடவும் ஆடவும் வரையவும் வேண்டியவர் அந்த ஒரே டீச்சர்தான். அவருக்கு யார் துணை?

இங்கேதான் என் வேண்டுகோள். நம் சங்கம் வருஷா வருஷம் ஏதாவது ஒரு பள்ளிக்குப் பொருள் வாங்கிக் கொடுக்கிறது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. இந்த வருஷம் அதை ஆசிரியருக்காகச் செலவு செய்து பார்த்தால் என்ன? எறையூர் பக்கத்தில் நாலைந்து பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். விருப்பமுள்ள ஆசிரியர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை ஓரிடத்தில் கூடட்டும். கும்மியும் கோலாட்டமும் உடுக்கைப் பாட்டும் தெரிந்த நம் ஊர்க் கலைஞர்கள் வந்து அவர்களுக்குச் சொல்லித் தரட்டும். அந்தக் கலைஞர்களுக்கு மரியாதையாக ஒரு சம்பளம் கொடுப்போம். கலர், காகிதம், களிமண் செலவு ஆசிரியர் பையிலிருந்து போகாமல் பார்த்துக்கொள்வோம். வண்டிச் செலவும் நம்முடையதே.

தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேலை உண்டு. என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போகும்போது சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வருவதோடு நிறுத்தாதீர்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கதையும் பாட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். சாத்தனூர்க் கல்மரத்துக்கும் ரஞ்சன்குடிக் கோட்டைக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை நடிக்கிற மாதிரி ஒரு சின்ன நாடகம் எழுதிக் கொடுங்கள். டீச்சருக்கு அது ஒரு டி.வி.யை விடப் பெரிய உதவி.

முதல் மாதமே எல்லாம் சரியாக நடந்துவிடாது. பகல் கனவு ஆசிரியருக்கே முதல் நாள் வகுப்பைக் கலைத்துவிட்டுப் போகவேண்டி வந்தது. இரண்டாம் நாளும் அவர் போனார் என்பதுதான் விஷயம்.

பொதுக்குழுவில் இதைப் பற்றிப் பேசுவோம். என் பங்காக முதல் மூன்று மாதச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். டீச்சரிடம் வாங்கிய புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறுங்கையோடு போய்த் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. அடுத்த முறை எறையூர் போகும்போது, நம் சங்கத்தின் முடிவையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.



— முன்னாள் மாணவன், இயந்திரப் பொறியியல் பிரிவு